மழையில் கத்தாத வண்டி

ராமானுஜம் அறைந்த அறையில் பக்கிரியின் கையிலிருந்த ஸ்பானர் பறந்துபோய் ஆயில் டின்னுக்குள் விழுந்தது. இத்தனைக்கும் ராமானுஜம் எழுந்து நிற்கக்கூட இல்லை. ஷெட்டு வாசலில் கிடந்த லாரி டயர்மேல் வசதியாக உட்கார்ந்தபடி, ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசினான். பக்கிரிக்குக் காதுக்குள் விண்ணென்று கிளம்பியது. வாயில் உப்புக் கரித்தது.

“மூணு வாரமா அதே பாட்டு பாடிக்கினு கீற நைனா. பெல்ட்டு வர்ல, பேரிங் வர்ல. இன்னிக்கு இந்தச் சத்தம் நிக்கணும். நிக்கல, உன் மூச்சு நிக்கும்.”

குரல் உயரவே இல்லை. ஜல்லி ராமானுஜத்துக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், பேச்சில் ‘நைனா’ வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வார்த்தை காதில் விழுந்தவன் தன் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தி. நகரில் யார் வீடு கட்டினாலும் ஜல்லியும் மணலும் அவனிடம்தான் வாங்க வேண்டும். வேறு ஆளிடம் வாங்கினால் லோடு வந்து சேரும். கொண்டுவந்த டிரைவர்தான் முழங்கால் உடைந்து திரும்பிப் போவான்.

அவனுடைய வெள்ளைக் கான்டெஸா கார், பாண்டி பஜாருக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த பக்கிரியின் ஷெட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கத்திலிருந்து கீச், கீச், கீச்சென்று, கூடைக்குள் கவிழ்த்த கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் விடாமல் வந்தது.

“ரெண்டு வாட்டி குப்பத்துக்குப் போனோம்,” என்றான் ராமானுஜம். “ரெண்டு வாட்டியும் அந்தப் பேமானி நடுக்கடல்ல கட்டுமரத்து மேல குந்திக்கினு எங்கள வேடிக்க பாக்கறான். வண்டி சந்துல திரும்பறதுக்குள்ள இந்தச் சனியன் ஊரையே எழுப்பி வுட்டுருது. நாளைக்கு அவன் கோர்ட்டுல ஏறிப் பேசுறான். அதனால இன்னிக்கே.”

“ஆட்டோல போய்ட்லாமே அண்ணாத்தே,” என்றான் கிச்சா. ராமானுஜத்தின் டிரைவர், அடியாள், எடுபிடி எல்லாம் அவன்தான்.

“ஆட்டோல போய் வெட்டிட்டு வர்றதுக்கு நான் இன்னா பிக்பாக்கெட்டாடா?”

விஷயம் கௌரவம் மட்டுமில்லை. அந்தக் கான்டெஸாவின் நம்பரைக் கூட்டினால் ஆறு வரும். ஆறுதான் உனக்கு எல்லாம் என்று ஒரு ஜோசியர் சொல்லி வாங்க வைத்த வண்டி. அதில் ஏறிப் போன காரியம் எதுவும் தோற்றதில்லை என்று ராமானுஜம் நம்பினான். ஊரையே நடுங்க வைத்தவன், நம்பர் பிளேட்டுக்கு நடுங்கினான். இந்தச் சின்னப் பைத்தியக்காரத்தனத்தில்தான் ஒரு மனுஷனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மனுஷன் பேர் சின்னப்பையன். பேர்தான் அப்படி, நாற்பதைத் தாண்டிய ஆள். சாந்தோமுக்குப் பின்னால் இருக்கிற குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். பக்கிரியின் தங்கை தேசம்மாவைக் கட்டியவன். இது ராமானுஜத்துக்குத் தெரியாது. அண்ணனும் தங்கையும் பழவேற்காட்டில் பிறந்தவர்கள். கடலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிற பக்கிரி இன்ஜின் வேலைக்கு வந்து ஆதம்பாக்கத்தில் குடித்தனம் வைத்துவிட்டான். ஷெட்டில் யாரும் அவன் ஊரைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

கத்திரி வெயில் காலத்தில் ராமானுஜத்தின் லாரிகள் குப்பத்துக் கரையில் மணல் அள்ள வந்தன. ஏழுமலை என்ற வலைக்காரன் லாரி டயருக்கு முன்னால் படுத்துக்கொண்டான். ராமானுஜம் இதே காரிலிருந்து இறங்கி வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, படுத்துக் கிடந்தவனைக் கழுத்திலேயே வெட்டினான். வெட்டிவிட்டு, கத்தியை ஏழுமலையின் லுங்கியிலேயே துடைத்தான். பட்டப்பகல், கரை முழுக்க ஜனம். போலீஸ் வந்து கேட்டபோது ஒருத்தர் பாக்கியில்லாமல் பார்க்கவில்லை என்றார்கள். கட்டுமரத்துக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்த சின்னப்பையன் மட்டும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். கேஸ் கோர்ட்டுக்குப் போனது, ராமானுஜம் ஜாமீனில் வெளியே வந்தான்.

பக்கிரி தலைதலையாய் அடித்துக்கொண்டான். “பாக்கலன்னு சொல்லிட்டு உன் வலையைப் பாரேன் மாப்ளே. ஊரே அப்டித்தானே சொல்லிச்சு?”

“பாத்தேனே மச்சான்,” என்றான் சின்னப்பையன். வேறு பதிலே அவனிடம் கிடையாது. எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே ரெண்டு வார்த்தை. கோபத்தில் பக்கிரிக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அப்போதுதான் பக்கிரி அந்த யோசனையைச் சொன்னான். வெள்ளை வண்டி, கீச் கீச்சென்று கத்திக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்ட உடனே எதையும் யோசிக்காமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடு. ராமானுஜத்துக்கும் அவன் ஆட்களுக்கும் நீச்சல் தெரியாது. முதல் தடவை அப்படித்தான் தப்பினான். இரண்டாம் தடவையும் தப்பினான், ஆனால் கரையில் தேசம்மா தப்பவில்லை. புருஷன் எங்கே என்று கேட்டுக் கிச்சா அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். தோடு கையோடு வந்தது. காது மடல் இரண்டாய்க் கிழிந்தது. மறுநாள் அந்தக் கிச்சாவே ஷெட்டுக்கு வந்து, பக்கிரிக்கு ஒரு பீடியை நீட்டி, “அந்தப் பொம்பள இன்னா கத்து கத்துச்சு தெரியுமா” என்று சிரித்தான். பக்கிரி பீடியை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

“இன்னா யோசன?” என்று கிச்சா டயர் லீவரால் பக்கிரியின் முழங்காலில் ஒன்று வைத்தான். கால் மடங்கிப் பக்கிரி காரின் முன்பம்பரில் மோதிக்கொண்டு எழுந்தான். “வேலையப் பாரு.”

வேலையைப் பார்த்தான். பார்க்கிற மாதிரி நடித்தான் என்பதுதான் சரி. நீளமான ஸ்க்ரூ டிரைவரை பெல்ட்டால் சுற்றிக் கரண்டு கொடுக்கிற ஆல்டர்னேட்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டான். உள்ளே பேரிங் எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. வாட்டர் பம்பையும் கேட்டான், அதிலும் கோளாறில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, ஓடுகிற பெல்ட்டின்மேல் லேசாகத் தெளித்தான். சட்டென்று சத்தம் நின்றது. வாசலில் டயர்மேல் இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பெல்ட் காய்ந்ததும் குஞ்சு மறுபடி கத்தத் தொடங்கியது.

“தண்ணி ஊத்தினா நிக்குதே,” என்றான் கிச்சா. “அப்ப ஊத்திக்கினே போலாமே.”

“குடத்தத் தூக்கிக்கினு நீ பக்கத்துல ஓடுறியா?” என்றான் பக்கிரி, வலியிலும் சும்மா இருக்க முடியாமல். ராமானுஜம் அதற்குச் சிரித்தான். கிச்சா சிரிக்கவில்லை.

பெல்ட் தொளதொளவென்று இருந்து வழுக்கினால், தண்ணீர் பட்டதும் சத்தம் கூடும், வீலென்று அலறும். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றால் பெல்ட் ஓடுகிற சக்கரம், புல்லி, கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் நேர்க்கோட்டில் போகாமல் ஓரம் உரசிக்கொண்டே கத்துகிறது. ஈரம் அந்த உரசலை வழுவழுவாக்கிவிடும். இதைப் பக்கிரி சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. கோணலாக வைத்தவனே அவன்தான். வருஷ ஆரம்பத்தில் வேறு ஆல்டர்னேட்டர் மாட்டியபோது சரியான வாஷர் கைக்கு அகப்படவில்லை. டெம்போவிலிருந்து கழற்றிப் போட்டிருந்த தடித்த வாஷர் ஒன்றைக் கொடுத்து முறுக்கிவிட்டான். புல்லி ஒரு எட்டணாக் காசுத் தடிமனுக்கு வெளியே வந்து உட்கார்ந்தது. சோம்பேறித்தனத்தில் செய்த காரியம், மாப்பிள்ளைக்கு உயிர்ப்பிச்சை ஆகிவிட்டது.

இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிக்கும் குறுக்காக வைத்துப் பார்த்தான். அடியில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. வாஷரை மாற்றினால் சத்தம் ஜென்மத்துக்கும் வராது. நல்ல வாஷர் சட்டைப் பையிலேயே மூன்று வாரமாய்க் கிடந்தது.

அவன் அதை எடுக்கவில்லை. கிச்சா பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில், கை கழுவ வைத்திருந்த சலவை சோப்பை எடுத்து பெல்ட்டின் இரண்டு ஓரத்திலும் அழுத்தித் தேய்த்தான். தகராறு பண்ணுகிற கஸ்டமரை ஷெட்டைவிட்டு அனுப்புவதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கிற அயோக்கியத்தனம் அது. கொஞ்ச தூரம் சத்தம் இருக்காது. இன்ஜின் சூட்டில் சோப்பு தீய்ந்ததும் பழைய கதைதான். சிந்தாதிரிப்பேட்டையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கட்டாயம் தீய்ந்துவிடும். அப்புறம் ராமானுஜம் திரும்பி வந்து அடிப்பான். அடிக்கட்டும். அடி வாங்கினால் காயம்தான், ஆறிப்போகும்.

இன்ஜினை மறுபடி ஓடவிட்டார்கள். சத்தமில்லை. ராமானுஜம் சந்துமுனைவரை ஒரு சுற்று போய்வந்து, இறங்காமலேயே கையை நீட்டி, அறைந்த கன்னத்தில் ரெண்டு தட்டு தட்டினான்.

“இத மொதல்லியே செஞ்சா இன்னா நைனா?”

முன்சீட்டின் கீழே, காலடியில், பேப்பர் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று கிடந்ததைப் பக்கிரி பார்த்தான். பேப்பருக்கு வெளியே பிடி மட்டும் தெரிந்தது. வண்டி போய்விட்டது.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முழங்காலுக்கு ஆயின்ட்மென்ட் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. பயல்களை ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு அற்பச் சந்தோஷம். அப்போது ஷெட்டின் தகரக் கூரையில் டப்பென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூரை முழுக்க ஒரே இரைச்சல். ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டு வராது.

பக்கிரி வாசலுக்கு வந்து மழையைப் பார்த்தான். கிச்சா சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஊத்திக்கினே போலாமே.

அந்த வண்டியில் இன்ஜினுக்கு அடியில் சேறு தடுக்கிற தகடு எப்போதோ கழன்று விழுந்தது, அதையும் அவன் திருப்பி மாட்டவில்லை. ரோட்டுத் தண்ணீர் அத்தனையும் பெல்ட்டின்மேல்தான் அடிக்கும். வண்டி ஊமையாகப் போகும். குப்பத்தில் சின்னப்பையன் சத்தம் வரும், சத்தம் வரும் என்று நம்பிக்கொண்டு குடிசைக்குள் நிம்மதியாக வலை பின்னிக்கொண்டிருப்பான்.

ஷெட்டில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே வண்டி, ஹம்சா டீச்சரின் டிவிஎஸ் ஐம்பது. மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கிற அம்மாள், பிரேக் பிடிக்கவில்லை என்று விட்டுப்போயிருந்தாள். இன்னும் பிரேக் பிடிக்கவில்லை. பக்கிரி அதை உதைத்துக் கிளப்பினான். எல்டாம்ஸ் ரோட்டில் இறங்கி ஆழ்வார்பேட்டையைத் தாண்டினான். நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு காலையும் தரையில் தேய்த்தான். லஸ் முனையில் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தில் மோதி விழுந்தான். நெற்றி கிழிந்து ரத்தம் மழையோடு கண்ணில் இறங்கியது. எழுந்து மறுபடி உதைத்தான். கச்சேரி ரோட்டில் முழங்கால் ஆழத் தண்ணீரில் வண்டி உயிரை விட்டது. அதை ஒரு மருந்துக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடினான்.

குப்பத்துச் சந்து ஆரம்பிக்கிற இடத்தில் தண்ணி லாரி ஒன்று சேற்றில் பதிந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வானமே கொட்டுகிற மழையில் லாரித் தண்ணிக்கு வரிசை. குடிக்கிற தண்ணி வேறு, மழைத் தண்ணி வேறு என்று பெண்கள் குடங்களோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால், அது நகரட்டும் என்று வெள்ளைக் கான்டெஸா காத்திருந்தது. புகைக்குழாயில் புகை வந்தது. இன்ஜின் ஓடுகிறது. ஒரு சத்தமும் இல்லை.

முன்சீட்டில் ராமானுஜம். பின்னால் புதிதாக இரண்டு பேர். லாரி நகர்ந்தால் எல்லாம் முடிந்தது. கடல் இரைச்சலும் மழை இரைச்சலும் சேர்ந்திருக்கிற நேரத்தில் தன் தொண்டையால் கத்தினால் கரைவரைக்கும் கேட்காது என்று பக்கிரிக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால், காரைத் தாண்டித்தான் ஓட வேண்டும். முதல் எட்டிலேயே பிடித்துவிடுவார்கள்.

அவன் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

ராமானுஜம் கண்ணாடியை இறக்கினான். “நீ இன்னாடா இங்க?”

“அண்ணாத்தே, ஒரு போல்ட்டு முறுக்காம வுட்டுட்டேன். நீங்கதான் குப்பம்னு சொன்னீங்களே, அதான் பறந்து வந்தேன். பெல்ட்டு அறுந்துச்சுன்னா திரும்பி வர்றப்ப நடுரோட்டுல நின்னுடும். ஆஃப் பண்ணச் சொல்லுங்க, ஒரு நிமிசம்.”

காரியம் முடிந்து திரும்பி ஓடுகிற நேரத்தில் வண்டி நின்றுபோவது எப்படி இருக்கும் என்று ராமானுஜம் யோசித்திருக்க வேண்டும். நெற்றியில் ரத்தத்தோடு, நனைந்த கோழியாட்டம் நின்றவனைப் பார்த்து அவன் சந்தேகப்படவில்லை. ஆறாம் நம்பர் வண்டியே தன்னைக் காப்பாற்ற ஆள் அனுப்பியிருக்கிறது என்றுகூட நினைத்திருப்பான். “சீக்கிரம்,” என்றான்.

பக்கிரி பானெட்டைத் தூக்கினான். சோப்பு எல்லாம் தீய்ந்து, பெல்ட் ஈரத்தில் கறுப்பாய்ப் பளபளத்தது. மழை இப்போது அதன்மேல் நேராகவே கொட்டியது. ஆல்டர்னேட்டரை இழுத்துப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினான். உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளி, அப்படியே மறுபடி முறுக்கினான். பெல்ட் தொங்கியது.

“ஸ்டார்ட் பண்ணு கிச்சா,” என்றான். “செக் பண்ணிக்கலாம். ஹெட்லைட்டு போடு. வைப்பர் போடு. ஏசி ஃபுல்லா வையி. எல்லாத்தையும் போடு. நல்லா மிதி.”

லைட்டும் ஏசியும் சேர்ந்து இழுத்தால் ஆல்டர்னேட்டர் கனத்துப்போகும், தொங்குகிற பெல்ட் அதைச் சுழற்ற முடியாமல் வழுக்கும். கிச்சாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? சொன்னதை எல்லாம் ஒழுங்காகப் போட்டான். ஒழுங்காக மிதித்தான்.

கான்டெஸா அலறியது. கீச்சு இல்லை, குஞ்சு இல்லை. கொல்லப்போகிற பன்றி அலறுகிற மாதிரி வீலென்று ஒரே இழுப்பாக, மழையைக் கிழித்துக்கொண்டு சந்து முழுக்க நிரம்பி, குடிசைகளைத் தாண்டிக் கடல்வரைக்கும் போயிற்று. வரிசையில் நின்ற பெண்களின் சண்டை நின்றது. காதில் கட்டுப் போட்டிருந்த ஒருத்தி குடத்தைக் கீழே போட்டாள். அது தேசம்மா. திரும்பிப் பார்க்கவே இல்லை, “ஓடுய்யா, ஓடு” என்று கத்திக்கொண்டே கடல் பக்கம் பாய்ந்தாள்.

“நிறுத்துடா,” என்றான் ராமானுஜம். மிதிக்கச் சொன்னது இவன், நிறுத்தச் சொல்வது அவன் என்று கிச்சா குழம்பி இன்னும் மிதித்தான். ராமானுஜம் பொட்டலத்தோடு கதவைத் திறந்து இறங்கினான். பொட்டலத்தைச் சுற்றியிருந்த பேப்பர் மழையில் கரைந்து விழுந்தது. பெல்ட்டைப் பார்த்தான். பக்கிரியைப் பார்த்தான். அவனுக்கு மெக்கானிக் வேலை தெரியாது, துரோகம் தெரியும்.

“நீதானா இது, நைனா?”

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கிரியின் பிடரியைப் பிடித்து இன்ஜின்மேல் கவிழ்த்தான். வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். “நீயே நிறுத்து. கையால நிறுத்து,” என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் கையைக் கொடுத்து அழுத்தினான்.

எலும்பு நொறுங்குகிற சத்தத்தைப் பக்கிரி தன் பல்லில் கேட்டான். விரல் நுனியில் தீ வைத்த மாதிரி இருந்தது, பிறகு அங்கே விரலே இல்லை. ரத்தம் ஃபேனில் பட்டு அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது. இன்ஜின் முக்கி முனகி நின்றுபோனது. அப்போது கேட்ட அலறல் தன்னுடையது என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடல் பக்கம் ஓடிய தேசம்மா அந்தக் குரலைக் கேட்டு நின்றாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல், தெரியாமல் போகுமா. திரும்பிப் பார்த்தவள், “ஐயோ அண்ணா” என்று மார்பில் அடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடிவந்தாள்.

“அண்ணனா?” என்றான் ராமானுஜம். எல்லாம் புரிந்துவிட்ட சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் வந்தது. பக்கிரியின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான். கழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி பின்னால் சாய்த்தான். ஏழுமலையை வெட்டும்போது எப்படிச் செய்தானோ அதேபோல, நிதானமாகச் சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு கத்தியை உருவினான்.

பக்கிரி கண்ணை மூடவில்லை. அதனால் சின்னப்பையன் வந்ததைப் பார்த்தான். இடுப்புவரைக்கும் கடல் தண்ணீர் சொட்ட, துடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தில் ஓடிவந்தான். கட்டுமரத்தைத் தள்ளி ஏறியவன், பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு கார் பக்கம் ஓடுவதைப் பார்த்துத் திரும்பிக் குதித்திருக்கிறான். ஓடு என்று அடித்த மணிக்கு, முட்டாள், திரும்பி ஓடிவந்தான். பக்கிரிக்கு அந்த நேரத்திலும் அவன்மேல் கொள்ளைக் கோபம் வந்தது.

கிச்சா காரிலிருந்து இறங்கிக் குறுக்கே பாய்ந்து சின்னப்பையனின் தோளில் வெட்டினான். சதை வாய் பிளந்தது. சின்னப்பையன் நிற்கவில்லை. ராமானுஜத்தின் கத்தி இறங்குவதற்கு ஒரு மூச்சு இருக்கும்போது துடுப்பு அவன் மண்டையில் இறங்கியது. ஒரே அடி. ராமானுஜம் பக்கிரியின் முடியை விடாமலேயே, இன்ஜின்மேல் சரிந்து, பிறகு மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்தான். மறுபடி எழுந்திருக்கவில்லை. பின்சீட்டில் இருந்த இருவரும் சாந்தோம் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். கிச்சாவைப் பெண்கள் விடவில்லை. பிளாஸ்டிக் குடங்கள் உடைகிறவரை அடித்தார்கள், உடைந்த பிறகு கையால் அடித்தார்கள். தேசம்மா அவன் காதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்தாள் என்று அங்கிருந்த யாரும் பிறகு சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பக்கிரிக்கு நினைவு நன்றாகத் திரும்பியபோது வலது கையில் பெரிய கட்டு இருந்தது. இரண்டு விரல் போய்விட்டது என்றார் டாக்டர். பெல்ட் இன்னும் இறுக்கமாக இருந்திருந்தால் கையே போயிருக்கும், நீ அதிர்ஷ்டக்காரன் என்றார். பெல்ட்டை எவ்வளவு தொங்கவிட்டோம் என்று பக்கிரிக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தேசம்மா சுவரோரம் நின்றாள்.

“ராமானுஜத்த அடிச்சது யாரு? நீ பாத்தியா?”

பக்கிரி இதற்காக விடிந்ததிலிருந்து தயாராக இருந்தான். “மழ சார். கண்ணுல ரத்தம் வேற. ஒண்ணியும் பாக்கல சார்.”

எவ்வளவு சுலபமாக வந்தது. ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே. இதைச் சொல்லத் தெரியாமல்தானே மாப்பிள்ளை இத்தனை பேரை வம்பில் இழுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் அவனை உற்றுப் பார்த்தார். “நீ பாக்கல. குப்பத்துலயும் ஒருத்தரும் பாக்கலியாம். ஆனா உன் மாப்ள தோள்ல தையலோட தானா ஸ்டேஷனுக்கு நடந்து வந்துட்டான். ஏழுமலைய ராமானுஜம் வெட்டினதப் பாத்தேன்றான். ராமானுஜத்த நான்தான் அடிச்சேன்றான். ரெண்டயும் ஒரே மூச்சுல சொல்றான்.”

பக்கிரி தலையைத் தலையணையில் போட்டான். பாத்தேனே மச்சான். அந்தக் குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

“இன்னும் கேளு,” என்றார் இன்ஸ்பெக்டர். “எதுக்கு அடிச்சேன்னு கேட்டா, மச்சான் கழுத்துல கத்திய வச்சான்றான். அத வேற எவனாவது பாத்தேன்னு சொல்லணும். ஒரு உயிரக் காப்பாத்த அடிச்சான்னா கேஸ் வேற. சும்மா அடிச்சான்னா கொலைதான். இப்ப நீ பாக்கலன்னு சொல்ற. அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடவா?”

தேசம்மா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட காதில் ரத்தம் ஊறியிருந்தது.

சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சோப்பு தேய்த்தது, போல்ட்டைத் தளர்த்தியது, மூன்று வாரம் பொய் சொன்னது எல்லாம் வரும். ராமானுஜத்தின் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் வெளியில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். ஆதம்பாக்கத்து வீட்டு வாசலில் எந்த வண்டி, எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும். பக்கிரிக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் பயமாக இருந்தது.

“பாத்தேன் சார்,” என்றான். “எல்லாத்தையும் பாத்தேன். எழுதிக்கோங்க. மொதல்ல நான் போட்ட வாஷர்லேர்ந்து சொல்றேன்.”